அடுத்த இதழ் வரும்வரை

1852 டிசம்பர். லண்டன் கடையில் ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிய மெல்லிய ஏடு ஒன்று வாசகர் கையில் இருக்கிறது. நீலமும் பச்சையும் கலந்த காகித அட்டை. உள்ளே 32 பக்கம் கதை, இரண்டு படங்கள், அதோடு சேர்த்துத் தைத்த விளம்பரப் பக்கங்கள். சார்ல்ஸ் டிக்கன்ஸின் ‘பிளீக் ஹவுஸ்’ நாவலின் பத்தாம் பகுதி அது. அதன் கடைசி அத்தியாயத்தில் இரண்டு இளைஞர்கள் மாடி அறையில் நள்ளிரவுக்காகக் காத்திருக்கிறார்கள். கீழே பழைய காகிதமும் எலும்பும் கந்தலும் வாங்கிப்போட்டு வைத்திருக்கும் குரூக் என்ற கிழவர், பன்னிரண்டு மணிக்கு வந்தால் ஒரு கடிதக் கட்டைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

சட்டைக் கையில் புகைக்கரி விழுகிறது. தட்டினால் உதிரவில்லை, கறுப்புக் கொழுப்பு மாதிரி இழுபடுகிறது. ஜன்னல் விளிம்பில் கை வைத்தவன் அருவருத்துக் கையை இழுத்துக்கொள்கிறான். விரலில் மஞ்சளாக, பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருக்கிறது. மணி பன்னிரண்டு அடிக்கிறது. கீழே இறங்கிப் போகிறார்கள். ஆள் இல்லை. பூனை மட்டும் தரையில் எதையோ பார்த்துச் சீறிக்கொண்டிருக்கிறது. தரைப்பலகையில் கருகிய திட்டு. பக்கத்தில் எரிந்துபோன கட்டை போல ஒன்று. அதுதான் குரூக். சாராயம் ஊறிய உடம்பு தானாகவே பற்றி எரிந்துவிட்டது. அந்த மாதத்துக்குக் கதை அத்தோடு முடிகிறது. மீதி ஜனவரியில்.

மனித உடம்பு தானாகத் தீப்பிடிக்காது என்று விமர்சகர் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் உடனே பத்திரிகையில் எழுதினார். அவருக்கான பதிலை டிக்கன்ஸ் ஜனவரி இதழின் அத்தியாயத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார். கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே வாசகர் குறுக்கே பேசலாம், அந்தப் பேச்சு அடுத்த பகுதிக்குள் நுழையலாம். வார இதழ்களில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் கீழே ‘தொடரும்’ என்ற ஒரு சொல் என்ன செய்யும் என்று நமக்கே தெரியும்.

இந்த நாவல்களைத் தொலைக்காட்சித் தொடராக எடுப்பதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு கேள்விதான் முதலில் வருகிறது: மூலத்துக்கு நியாயம் செய்திருக்கிறார்களா? எந்தப் பாத்திரத்தை விட்டார்கள், எந்த வசனத்தை மாற்றினார்கள் என்ற கணக்கு அதன் பின்னாலேயே வரும். அதைவிட அடிப்படையான ஒன்றைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த நாவல் முதலில் வாசகர் கைக்கு எப்படி வந்தது? எத்தனை துண்டாக, என்ன விலைக்கு, எவ்வளவு இடைவெளி விட்டு? தொலைக்காட்சி எதை எளிதாக எடுத்துக்கொள்கிறது, எதன் முன்னால் திணறுகிறது என்பதற்கான விடையில் பாதி அங்கே இருக்கிறது.

அக்காலத்தில் புது நாவல் மூன்று தொகுதிகளாக வரும். விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். உழைத்துப் பிழைக்கும் குடும்பத்தின் ஒரு வார வருமானம் அதிலேயே போய்விடும். ஆகவே யாரும் வாங்குவதில்லை. வாடகை நூலகத்தில் எடுத்துப் படிப்பார்கள். 1842இல் தொடங்கிய மூடி நூலகத்தில் ஆண்டுச் சந்தா ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். ஒரு நேரத்தில் ஒரு தொகுதி கிடைக்கும். மூன்று தொகுதி இருந்தால் ஒரே நாவலை ஒரே நேரத்தில் மூன்று பேருக்குக் கொடுக்கலாம் என்பதால் நூலகத்துக்கு அந்த வடிவம் லாபம். நாவல்கள் மூன்றாகப் பிரிந்து கிடந்ததற்கு இது முக்கியமான காரணம்.

மாதப் பகுதி இந்தக் கணக்கை மாற்றிப்போட்டது. 1836இல் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ தொடங்கியபோது முதல் பகுதி சில நூறு பிரதிகளுக்கு மேல் நகரவில்லை. படம் வரைந்த ராபர்ட் சீமோர் சில வாரங்களிலேயே தற்கொலை செய்துகொண்டார். தொடர் அத்தோடு நின்றிருக்க வேண்டியது. நான்காம் பகுதியில் சாம் வெல்லர் என்ற வேலைக்காரன் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே வாயைத் திறந்தான். விற்பனை ஏறத் தொடங்கியது. முடியும்போது மாதம் ஏறக்குறைய 40 ஆயிரம் பிரதி. அதிலிருந்து டிக்கன்ஸின் பெரிய நாவல்கள் பலவும் இதே அச்சில் வந்தன. 19 மாதம், கடைசி மாதம் இரட்டைப் பகுதி, மொத்தம் 20 ஷில்லிங். வாங்குபவருக்கு மாதம் ஒரு ஷில்லிங்தான் கணக்கு. எலிசபெத் கேஸ்கெலின் ‘நார்த் அண்ட் சவுத்’ டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் வந்தது. தாக்கரேயின் ‘வானிட்டி ஃபேர்’ மஞ்சள் அட்டையில் மாதாமாதம் வந்தது. ஜார்ஜ் எலியட் என்ற ஆண் பெயரில் எழுதிய பெண்ணின் ‘மிடில்மார்ச்’ நாவலை 1871, 72இல் எட்டுப் புத்தகங்களாக, ஒன்று ஐந்து ஷில்லிங் என்று விற்றார்கள். அந்த யோசனையைப் பதிப்பாளரிடம் கொண்டுபோனவர் எலியட்டின் வாழ்க்கைத் துணைவரான, குரூக் எரிந்ததைக் கேள்வி கேட்ட அதே லூயிஸ்.

ஜேன் ஆஸ்டின் இந்த வரிசையில் சேரமாட்டார். ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ 1813இல் மூன்று தொகுதிகளாக, 18 ஷில்லிங்குக்கு ஒரே வீச்சில் வந்தது. அதைத் தொடராக்கும்போது பிரச்சினையே வேறு, பிறகு வருகிறேன்.

பிபிசி இந்த நாவல்களை ஆரம்ப நாளிலிருந்தே எடுத்துவந்தது. 1952இல் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ ஆறு பகுதிகளாக வந்தபோது, பீட்டர் குஷிங் உள்ளிட்ட நடிகர்கள் ஸ்டூடியோவில் நேரலையாக நடித்தார்கள். மேடை நாடகம் மாதிரிதான், தவறினால் தவறியதுதான். பதிவு மிஞ்சவில்லை. பின்னால் வீடியோ டேப் வந்தது. டேப் விலை அதிகம், ஆகவே பழைய நிகழ்ச்சியை அழித்து அதன் மேலேயே புதியதைப் பதிந்தார்கள். 1960களின் தொடர்கள் பல இப்படியே காணாமல் போயின.

அந்தக் காலத் தொடர்களை இப்போது பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பார்கள். வீட்டுக்குள் நடக்கும் காட்சி வீடியோவில் பளீரென்று, நிழலே இல்லாமல் இருக்கும். பாத்திரம் கதவைத் திறந்து வெளியே கால் வைத்ததும் 16 மில்லிமீட்டர் ஃபிலிமின் மங்கலான நிறம் வந்துவிடும். ஒரே ஆள், ஒரே நாள், இரண்டு உலகம். பல நாள் ஒத்திகை, பிறகு ஸ்டூடியோவில் பல கேமரா வைத்து ஒரு மூச்சில் பதிவு, வெளிப்புறம் மட்டும் தனியாக ஃபிலிமில். ஞாயிற்றுக்கிழமை மாலை தேநீர் வேளையில் குடும்பத்தோடு பார்ப்பதற்காகச் செய்தவை அவை. 1967இல் ‘வானிட்டி ஃபேர்’ பிபிசியின் முதல் வண்ணத் தொடர்நாடகமாக வந்தது. அதே ஆண்டு வந்த 26 பகுதி ‘ஃபோர்சைட் சாகா’, மறு ஆண்டு ஞாயிறு இரவில் மறு ஒளிபரப்பானபோது தேவாலயங்கள் மாலை வழிபாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டன. அது 20ஆம் நூற்றாண்டு நாவல் என்றாலும், பழங்காலக் கதையைத் தொடராகப் பார்க்க மக்கள் எவ்வளவு தயாராக இருந்தார்கள் என்பதை அதுதான் தொலைக்காட்சிக்காரர்களுக்குக் காட்டியது. 1971இல் அமெரிக்காவில் பாஸ்டன் நிலையம் ‘மாஸ்டர்பீஸ் தியேட்டர்’ தொடங்கியது. மோபில் எண்ணெய் நிறுவனத்தின் பணத்தில் பிரிட்டிஷ் தொடர்கள் அங்கே வாராவாரம் போயின. இந்த நாவல்கள் ஏற்றுமதிச் சரக்கானது அப்போதிருந்துதான்.

ஸ்டூடியோ காலத்தைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வருவதில்லை. 1982இல் நாவலாசிரியர் ஆந்தனி டிராலப்பின் இரண்டு நாவல்களை இணைத்து எடுத்த ‘தி பார்செஸ்டர் கிரானிக்கிள்ஸ்’ பாருங்கள். பீட்டர்பரோ பேராலயத்தில் கொஞ்சம், மீதி அறைக்குள். ஆலன் ரிக்மேன் நடித்த ஸ்லோப் என்ற பாதிரியார் ஒரு நாற்காலியில் உட்காருவதிலேயே அவர் எதற்கு அடிபோடுகிறார் என்று தெரிந்துவிடும். டிராலப் எழுதியது அறைக்குள் பேசிப்பேசி அதிகாரம் கைமாறும் கதை. அதற்கு அறை போதும். குதிரையும் ஏரியும் தேவையில்லை.

1980களில் ஸ்டூடியோவை விட்டு முழுக்க ஃபிலிமுக்குப் போனார்கள். 1985இல் வந்த ‘பிளீக் ஹவுஸ்’ அப்படிப்பட்டது. எட்டுப் பகுதி, ஆர்தர் ஹாப்கிராஃப்ட் திரைக்கதை, லேடி டெட்லாக் என்ற பிரபு மனைவி பாத்திரத்தில் டயானா ரிக். மூடுபனியும் சேறும் இருளுமாக, மெதுவாக, சினிமா மாதிரி நகரும் தொடர். இருபது ஆண்டு கழித்து 2005இல் பிபிசி அதே நாவலை மறுபடி எடுத்தது. திரைக்கதை ஆண்ட்ரூ டேவிஸ். இம்முறை 15 பகுதி. முதல் பகுதி ஒரு மணி நேரம், மீதியெல்லாம் அரை அரை மணி. வாரம் இரண்டு நாள், ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ என்ற நெடுந்தொடரின் ரசிகர்கள் டிவியை அணைப்பதற்கு முன்னால், அதை ஒட்டியே போட்டார்கள். டிக்கன்ஸை மெகா சீரியல் ஆக்கிவிட்டார்கள் என்று சிலர் வருத்தப்பட்டார்கள்.

எனக்கு அது வருத்தமாகப் படவில்லை. நாவலை ஒரே மூச்சில் படிக்க இரண்டு முறை முயன்று இடையில் விட்டவன் நான். மூன்றாம் முறை, முதல் வாசகர்கள் படித்தது போலவே மாதத்துக்கு ஒரு பகுதி, மூன்று அல்லது நான்கு அத்தியாயம், அதற்கு மேல் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். 67 அத்தியாயம், 19 மாதம். அப்போதுதான் அதன் கட்டுமானம் பிடிபட்டது. பதினைந்தாம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 47ஆம் அத்தியாயத்தில் தெருக்கூட்டும் சிறுவன் ஜோ சாகிறான். 48இல் வக்கீல் டல்கிங்ஹார்ன் சுட்டுக் கொல்லப்படுகிறார். 49இல் குற்றம் செய்யாத ஜார்ஜ் கைதாகிறான். ஒரே ஷில்லிங்குக்கு அழுகை, கொலை, அநியாயம். அதை வாங்கிப் படித்த வீட்டில் அந்த மாதம் முழுவதும் வேறு பேச்சு இருந்திருக்குமா? ஒரு பகுதிக்குள் மூன்று வேறு வேறு வீட்டுக் கதையை மாற்றி மாற்றி ஓட்டி, ஒவ்வொன்றையும் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து நிறுத்துவது டிக்கன்ஸ் பக்கம் எண்ணிப் பழகிய வித்தை. அரை மணி எபிசோடில் அந்த வித்தைக்குப் பொருத்தமான இடம் கிடைத்தது. 1985 தொடரில் டயானா ரிக்கின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் கதை தன் சொந்த நடையில் நடந்தது 2005இல்தான் என்பது என் தீர்ப்பு.

அந்தத் தொடரில் க்ளாம் என்று ஒருவர் வருகிறார். டல்கிங்ஹார்னின் குமாஸ்தா. நாவலில் இல்லாதவர், டேவிஸ் உண்டாக்கியவர். ஏன் உண்டாக்கினார் என்று யோசித்தால் தழுவலின் அடிப்படைச் சிக்கல் தெரிந்துவிடும். நாவலின் டல்கிங்ஹார்ன் யாரிடமும் எதையும் சொல்லாத மனிதர். பிரபுக் குடும்பங்களின் ரகசியங்களைப் பூட்டி வைத்திருக்கும் பெட்டி. அவர் மனதில் ஓடுவதை வாசகருக்குச் சொல்லக் கதைசொல்லி இருக்கிறார். தொலைக்காட்சியில் கதைசொல்லி இல்லை. ஆகவே பேசாத மனிதர் பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டும். க்ளாம் நல்ல பாத்திரம், காட்சிகள் நன்றாக நகர்கின்றன. ஆனால் ஒருவரிடமாவது வாய் திறக்கும் டல்கிங்ஹார்ன், யாரிடமும் வாய் திறக்காத டல்கிங்ஹார்ன் அளவுக்குப் பயமுறுத்தமாட்டார்.

இதைவிடப் பெரிய இழப்பு இலக்கணத்தில் நடந்தது. ‘பிளீக் ஹவுஸ்’ நாவலுக்கு இரண்டு குரல். 34 அத்தியாயங்களை ஊரையெல்லாம் மேலிருந்து பார்க்கும் ஒரு குரல் நிகழ்காலத்தில் சொல்கிறது. 33 அத்தியாயங்களை எஸ்தர் சம்மர்சன் என்ற பெண் தன் வாழ்க்கையாக இறந்தகாலத்தில் எழுதுகிறாள். முதல் குரலுக்கு இரக்கத்தோடு கோபம். இரண்டாவதற்கு அடக்கம், தயக்கம், தன்னைப் பற்றி யாராவது நல்லது சொன்னால் கூச்சம். நாவல் தொடங்குவதே ‘லண்டன்’ என்ற ஒற்றைச் சொல்லோடு. தொடர்ந்து சேறு, புகை, மூடுபனி. வினைமுற்றே இல்லாத வாக்கியங்கள் வரிசையாக. பனி எங்கும் அசையாமல் நிற்கிறது, நீதிமன்றத்தில் தலைமுறை தலைமுறையாக இழுக்கும் ஜார்ண்டைஸ் வழக்கு அசையாமல் நிற்கிறது, வாக்கியமும் முடியாமல் நிற்கிறது. கேமரா பனியைக் காட்டலாம். முடியாத வாக்கியத்தைக் காட்ட முடியாது. 2005 தொடர் பனியைக் கைவிட்டு, கொட்டும் மழையில் எஸ்தர் வண்டி ஏறுவதிலிருந்து தொடங்குகிறது. தொடக்கத்திலேயே ஒரு பெண்ணின் முகத்தைப் பிடித்துக்கொள்கிறோம். நாவலிலோ அவளைச் சந்திக்க மூன்றாம் அத்தியாயம் வரை காத்திருக்க வேண்டும். மேலும், கேமராவுக்கு எப்போதும் நிகழ்காலம்தான். எஸ்தர் எல்லாம் முடிந்தபிறகு திரும்பிப் பார்த்து எழுதுகிறாள் என்ற உணர்வு தொடரில் எங்கும் கிடைப்பதில்லை.

குரல் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ‘மிடில்மார்ச்’ காட்டும். 29ஆம் அத்தியாயம், லோவிக் வீட்டில் ஒரு காலை டோரதியா என்று ஆரம்பித்து அதே வாக்கியத்தில் நின்றுவிடுகிறது. எப்போதும் ஏன் டோரதியாவைப் பற்றியே பேச வேண்டும் என்று கதைசொல்லி தன்னைத்தானே கேட்கிறார். அவ்வளவு நேரம் நாம் அந்த இளம்பெண்ணின் பக்கம் நின்று, அவள் கட்டிக்கொண்ட வறண்ட கிழப் பண்டிதர் கசாபனை வெறுத்துக்கொண்டிருந்தோம். இப்போது கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, முகத்தில் வெள்ளை மருக்களோடு உட்கார்ந்திருக்கும் அந்த மனிதருக்குள்ளும் பசித்த ஒரு மனம் உண்டு என்று எழுதுகிறார் எலியட். வாசிப்பவரைத் தோளைப் பிடித்துத் திருப்பி வைப்பது போன்ற இடம். இதுவரை நான் படித்த நாவல்களில் இதற்கு இணையாக மிகச் சிலவே உண்டு.

1994இல் பிபிசி இதை ஆறு பகுதிகளாக எடுத்தது. லிங்கன்ஷயரின் ஸ்டாம்ஃபோர்ட் நகரம் மிடில்மார்ச் ஆனது. அதே ஆண்ட்ரூ டேவிஸ்தான் திரைக்கதை. கசாபனாக நடித்த பேட்ரிக் மலாஹைட் அந்த அத்தியாயத்தின் வேலையை முகத்தால் செய்யப் பார்க்கிறார். பல இடங்களில் செய்தும் விடுகிறார். ஆனால் நடிகர் முகம் கசாபன் பாவம் என்றுதான் சொல்லும். நீ இதுவரை ஏன் அவர் பக்கம் பார்க்கவில்லை என்று பார்வையாளரைக் கேட்காது. தொடரை எடுத்தவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். கடைசியில், யாரும் போய்ப் பார்க்காத கல்லறைகளில் உறங்கும் எளியவர்களால்தான் உலகம் இந்த அளவுக்காவது நன்றாக இருக்கிறது என்று நாவல் முடியும் இடத்தில், ஜூடி டென்ச்சின் குரலை ஜார்ஜ் எலியட்டாக ஒலிக்கவிட்டார்கள். தொடர் முழுக்க இல்லாதிருந்த ஒருவர் கடைசி நிமிடத்தில் வந்து பேசுவது எனக்கு நெஞ்சை அடைத்தது.

இனி ஆஸ்டின். 1995 செப்டம்பரில் தொடங்கி ஆறு ஞாயிறு ஓடிய ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ பற்றிப் பேசுபவர்கள் நாயகன் டார்சி ஏரியில் குதித்து நனைந்த சட்டையோடு வருவதைத்தான் முதலில் சொல்வார்கள். நாவலில் ஏரி இல்லை. டார்சி லாயத்துப் பக்கம் இருந்து நடந்து வந்து நாயகி எலிசபெத்தின் எதிரில் நிற்பார், இருவர் முகமும் சிவக்கும், அவ்வளவுதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது தொடரின் முதல் காட்சி. டார்சியும் அவர் நண்பர் பிங்லியும் குதிரையில் பாய்ந்து வருகிறார்கள், தூரத்து மாளிகையைப் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். மேட்டில் நின்று எலிசபெத் பார்க்கிறாள். பெண் யாரும் பக்கத்தில் இல்லாமல் ஆண்கள் மட்டும் பேசிக்கொள்ளும் காட்சியை ஆஸ்டின் தம் நாவல்களில் எழுதுவதில்லை என்றே சொல்லலாம். பெண்களுக்குத் தெரிந்த அளவுதான் வாசகருக்கும் தெரியும். டார்சி மனதில் என்ன என்று எலிசபெத் தவறாகக் கணிக்கும்போது நாமும் சேர்ந்து தவறு செய்கிறோம். தொடர் முதல் நிமிடத்திலேயே அந்தக் கட்டுப்பாட்டை அவிழ்த்துவிடுகிறது. பிறகு டார்சி வாள் பயில்கிறார், குளிக்கிறார், இரவெல்லாம் கடிதம் எழுதுகிறார். இவர் காதலிக்கிறார் என்று எலிசபெத்துக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆறு வாரம் ஓடும் தொடருக்கு இது தேவைப்பட்டது. பகுதி பகுதியாக வராத நாவலுக்கு வாராவாரம் திரும்பி வரவைக்கும் ஏக்கம் ஒன்றைச் செய்துதர வேண்டியிருந்தது. இதற்கும் திரைக்கதை எழுதிய டேவிஸ் அந்த ஏக்கத்தை டார்சிக்குள் வைத்தார். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். விலை கொடுத்தது நாவலின் நடுப்பகுதி. அங்கே எலிசபெத் டார்சியின் கடிதத்தைப் படிக்கிறாள். கோபத்தோடு ஒருமுறை, பிறகு நிறுத்தி, மடித்து, அரை நிமிடத்தில் மறுபடி பிரித்து, ஒவ்வொரு வரியாக. இந்த நொடி வரை நான் என்னையே அறியவில்லை என்ற இடத்துக்கு வருகிறாள். கதையின் அச்சாணி அது. ஒரு பெண் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வெளியே எதுவும் நடப்பதில்லை. தொடர் அதற்கு டார்சியின் குரலையும் பழைய சம்பவங்களின் காட்சிகளையும் பயன்படுத்துகிறது. ஆகவே டார்சியின் கதை நமக்குத் தெளிவாகிறது. எலிசபெத் தன்னைத்தானே விசாரிப்பது பின்னால் போய்விடுகிறது.

அந்தத் தொடரில் டார்சியின் மாளிகைக்கு வெளிப்புறமாக வந்தது செஷயரில் உள்ள லைம் பார்க். ஒளிபரப்பான ஆண்டில் அங்கே வந்தவர்கள் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. உள்ளறைகள் டெர்பிஷயரின் சட்பரி ஹாலில் எடுத்தவை. கதையில் வரும் மெரிட்டன் ஊரின் கடைத்தெருவாக வந்த லேகாக் கிராமத்தைப் பிறகு கேஸ்கெல் கதைகளிலிருந்து எடுத்த ‘கிரான்ஃபோர்ட்’ தொடரிலும் பார்க்கலாம். வீடும் புல்வெளியும் வெயிலும் அவ்வளவு அழகாக இருக்கும்போது, அந்த வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, தரையை யார் துடைத்தார்கள் என்ற கேள்வி கண்ணில் படாமல் போய்விடுகிறது.

அப்படிப் போகாத தொடர் ஒன்று உண்டு. 2004இல் சாண்டி வெல்ச் திரைக்கதையில் நான்கு பகுதிகளாக வந்த ‘நார்த் அண்ட் சவுத்’. நாவலில் நாயகி மார்கரெட் ஹேல் பஞ்சாலைக்குள் கால் வைப்பதில்லை. ஆலையைப் பற்றி நமக்குத் தெரிவது பெஸி என்ற தொழிலாளிப் பெண் வீட்டில் படுத்துக்கொண்டு மூச்சிரைக்கச் சொல்வதுதான். பஞ்சுத்தூசு நுரையீரலில் சுற்றிக்கொள்கிறது. அதை வெளியே இழுக்கப் பெரிய காற்றுச் சக்கரம் வைக்கலாம், ஆனால் அதற்கு ஐந்நூறு அறுநூறு பவுன் ஆகும், லாபம் ஒன்றும் வராது என்று முதலாளிகள் வைப்பதில்லை. தொடரில் மார்கரெட் ஒரு கதவைத் தள்ளித் திறக்கிறாள். உள்ளே நூற்றுக்கணக்கில் தறிகள் அதிர்கின்றன. காற்றெல்லாம் வெள்ளையாகத் துகள் மிதக்கிறது, பனி பெய்வது மாதிரி. ஒரு நொடி மயங்கி நிற்கிறோம். தறிக் காட்சிகளுக்கு லங்காஷயரில் பர்ன்லி பக்கத்தில் நீராவியில் ஓடும் குவீன் ஸ்ட்ரீட் ஆலையின் உண்மையான தறிகளைப் பயன்படுத்தினார்கள். பிறகு பெஸி இருமுகிறாள்; அந்த அழகான வெள்ளைதான் அவளைக் கொல்கிறது என்று புரிகிறது. நரகத்தைப் பார்த்தேன், அது வெள்ளையாக இருக்கிறது என்று மார்கரெட் ஊருக்கு எழுதுகிறாள். கேஸ்கெல் எழுதாத வரி, ஆனால் அவர் எழுதியதன் பொருள். அழகையே சாட்சியாக நிறுத்திய இந்த இடத்துக்காக, ரயில் நிலையத்தில் முத்தத்தோடு முடித்துவிட்டதை நான் மன்னித்துவிடுகிறேன்.

எழுத்துக்குச் செலவில்லாதது கேமராவுக்குப் பெருஞ்செலவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘வானிட்டி ஃபேர்’ 43ஆம் அத்தியாயத்தில் தாக்கரே வாசகரை ஒரே வாக்கியத்தில் பத்தாயிரம் மைல் தூக்கிக்கொண்டு வந்து, சென்னை மாகாணத்தில் ஒரு ராணுவ முகாமில் இறக்கிவிடுகிறார். கதையில் வரும் ராணுவ அதிகாரி டாபினின் படைப்பிரிவு அங்கேதான் இருக்கிறது. தாக்கரேக்கு மை மட்டும்தான் செலவு. கல்கத்தாவில் பிறந்த அவருக்கு இந்த நாட்டைப் பற்றிச் சொல்ல நிறையவும் இருந்தது. தொலைக்காட்சியில் ஒரு பத்தாயிரம் மைல் என்பது விமானச் சீட்டு, அல்லது லண்டனுக்குப் பக்கத்தில் எங்காவது நட்டுவைத்த பனைமரம்.

கேஸ்கெலின் கடைசி நாவல் ‘வைவ்ஸ் அண்ட் டாட்டர்ஸ்’ 1864 ஆகஸ்டிலிருந்து ‘கார்ன்ஹில்’ மாத இதழில் வந்துகொண்டிருந்தது. ஹாம்ப்ஷயரில் கணவருக்குத் தெரியாமல், அவருக்கு வியப்பாகக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வீடு வாங்கியிருந்தார். 1865 நவம்பர் 12, அந்த வீட்டில் மகள்களோடு தேநீர் வேளையில் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்து இறந்துபோனார். கடைசிப் பகுதி எழுதப்படவில்லை. அவர் எழுதிவைத்த கடைசிக் காட்சிகளில், காய்ச்சல் தொற்றிவிடக் கூடாதென்று நாயகி மோலியை விரும்பும் ரோஜர் அவள் வீட்டுக்குள் வராமல் மழையில் வெளியே நின்று கையசைக்கிறான். மோலி ஜன்னலில் நிற்கிறாள். பிறகு சிந்தியாவின் தாயும் மோலியின் சித்தியுமான கிப்சன், என்னை நன்றாகப் போர்த்திவிடு, தூங்கிப்போய் சிந்தியாவையும் என் புதுச் சால்வையையும் கனவு காண்கிறேன் என்கிறாள். நாவல் அந்த வரியில் நின்றுவிட்டது. 1866 ஜனவரி இதழில் ஆசிரியர் ஃபிரெட்ரிக் கிரீன்வுட், ரோஜர் திரும்பி வருவான், மோலியை மணப்பான் என்று கேஸ்கெல் வீட்டாரிடம் சொல்லியிருந்ததை ஒரு குறிப்பாக எழுதிச் சேர்த்தார்.

1999 தொடரில் மோலி ஜன்னலோடு நிற்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் ஓடுகிறாள். கடைசிக் காட்சியில் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் கால்சட்டை போட்டுக்கொண்டு ரோஜரோடு நடந்து போகிறாள். கேஸ்கெல் அப்படி முடித்திருக்க மாட்டார் என்று சொல்பவர்கள் இருக்கலாம். நான் அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் 1866 ஜனவரியில் ‘கார்ன்ஹில்’ வாங்கிய ஒருவரை நினைத்துக்கொள்வேன். ஒன்றரை ஆண்டாக மோலியோடு மாதாமாதம் இருந்துவிட்டு, சால்வையில் நின்றுபோன பக்கத்தையும், அதன் கீழே ஆசிரியரின் குறிப்பையும் படித்து முடித்து, பிப்ரவரியில் அவள் வரமாட்டாள் என்று தெரிந்தவர்.